பாலாறு முதல் ஆரணியாறு வரை: நம் பொது நீர்க் கணக்கு

நமது கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினருள் ஒரு சாரார் தறியை நம்பி வாழ்பவர். மற்றொரு சாரார் நிலத்தை நம்பி வாழ்பவர். நெசவாளர் கூடினால் நூல் விலையைப் பற்றியும், விவசாயிகள் கூடினால் உர விலையைப் பற்றியும் பேசுவது இயல்பே. ஆயினும், இவ்விரு தொழில்களுக்கும் பொதுவான மூலப்பொருள் ஒன்று உண்டு. அதற்கு விலைச்சீட்டு இல்லாத காரணத்தால் அதைப் பற்றி எந்தச் சங்கத்தின் பேரேட்டிலும் எழுதப்படுவதில்லை. அப்பொருள் நீரே ஆகும்.

பட்டிழையின் பசையைப் போக்க நீர் வேண்டும்; நூலுக்குச் சாயம் ஏற்ற நீர் வேண்டும்; பாவுக்குக் கஞ்சி காய்ச்ச நீர் வேண்டும். நாற்றங்கால் விடும் நாள் தொடங்கிக் கதிர் முற்றும் நாள்வரை நெற்பயிருக்கும் நீர் வேண்டும். காஞ்சிபுரத்துச் சாயத் தொட்டியும் வாலாஜாபாத்து வயலும் ஒரே ஆற்றின் செல்வத்தையே பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே தமிழ்நாட்டின் வடகடற்கரைப் பிரதேசத்து ஆறுகள் எங்கே பிறந்து, எவ்வழி வந்து, எவ்வாறு நம்மை அடைகின்றன என்பதையும், அவை இன்று எந்நிலையில் உள்ளன என்பதையும் அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம் என்று கருதி, இக்கட்டுரையில் சில விஷயங்களைத் தொகுத்துக் கூறுகிறோம்.

நீர்ப்பிடிப்பு என்பது யாது?

ஓட்டு வீடு ஒன்றின் கூரையை நினைத்துக்கொள்வோம். கூரையின் முகட்டுக்கு இப்புறம் விழும் மழை முற்றத்துக்கு வருகிறது. அப்புறம் விழும் மழை கொல்லைப்புறம் போகிறது. முகடு ஒரு விரற்கடை அகலமே உடையதாயினும், இரு பக்கத்து நீரையும் அதுவே பிரித்துவிடுகிறது. நாட்டின் நிலப்பரப்பும் இவ்வாறே அமைந்துள்ளது. குன்றுகளும் மேடுகளும் முகடுகளாக நின்று மழைநீரைப் பிரிக்கின்றன. ஒரு முகட்டுக்குள் விழும் மழை முழுவதும் எந்த ஆற்றில் வந்து சேருகிறதோ, அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்பு அந்நிலம் எனப்படும். ஆகையால் ஆறு என்பது கரைகளுக்கு இடையே ஓடும் நீர் மாத்திரம் அன்று. தொலைவிலுள்ள குன்றின் புதரும், ஊர்ப் புறம்போக்கும், நம் வயலின் வரப்பும், வீட்டுக் கூரையும் ஆற்றின் உறுப்புகளே ஆகும்.

சிறு கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குலம் மழை பெய்தால், அந்நீர் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகமாகும். நம் பிரதேசத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,100 முதல் 1,200 மில்லிமீட்டர், அதாவது சுமார் 45 அங்குலம் மழை பெய்கிறது. ஆக, ஓர் ஏக்கருக்கு ஆண்டில் 45 லட்சம் லிட்டர் நீர் வானிலிருந்து வருகிறது. ஒரு போக நெல்லுக்கு வேண்டிய நீரும் ஏறத்தாழ இதே அளவினதே. அப்படியாயின் பெய்யும் மழையே போதுமே, ஏரி எதற்கு, கிணறு எதற்கு என்ற கேள்வி எழலாம். விடை எளிது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவக்காற்றின் சில பெருமழைகளில் வந்து கொட்டிவிடுகிறது. வந்ததில் ஒரு பங்கை வெயில் உறிஞ்சுகிறது. ஒரு பங்கு கடலுக்கு ஓடுகிறது. ஒரு பங்கே மண்ணில் இறங்குகிறது. எனவே ஓர் ஏக்கர் நெல் விளைவிப்பதற்கு, வேறு பல ஏக்கர்களில் விழுந்த மழையைக் கூட்டி, காத்துவைத்து, வேளையறிந்து தரவேண்டியிருக்கிறது. அடுத்தவர் நிலத்து மழையில்தான் நம் நெல் விளைகிறது. கூட்டுறவு என்னும் சொல் தோன்றுவதற்கு முன்பே நீர் நம்மைக் கூட்டுறவாளராக ஆக்கிவிட்டது எனலாம்.

பாலாறு

தெற்கிலிருந்து தொடங்குவோம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு 348 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் சுமார் 93 கிலோமீட்டர் கர்நாடகத்திலும், 33 கிலோமீட்டர் ஆந்திரப் பிரதேசத்திலும், எஞ்சிய 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் உள்ளன. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய ஊர்களின் வழியாகவோ அருகாகவோ சென்று, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரை அடுத்துக் கடலில் கலக்கிறது.

பாலாற்றுக்குத் துணையாறுகள் பல. வடக்கேயிருந்து பொன்னையாறு வருகிறது. சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு, ஆரணிப் பட்டு நெசவாளர் நன்கறிந்த கமண்டல நாகநதியின் நீரையும் ஏற்றுக்கொண்டு வருகிறது. காஞ்சிபுரத்தைத் தொட்டு வேகவதி வருகிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் பழையசீவரத்துக்கு எதிரேயுள்ள திருமுக்கூடலில் சந்திக்கின்றன. ஊரின் பெயரே அதற்குச் சான்றாகும்.

பாலாறு வெள்ளம் வருங்காலத்தில் மட்டுமே மேலே ஓடும் ஆறு. மற்றைய நாட்களில் அது மணலுக்கு அடியில் ஓடுகிறது. இதனால் இதனை வறண்ட ஆறு என்று பலரும் தவறாக எண்ணுகின்றனர். 1903-ஆம் ஆண்டு நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளமும், 2021-ஆம் ஆண்டு நவம்பரில் கரை புரண்டு ஓடிய வெள்ளமும், இவ்வாறு பல ஆண்டுகள் உறங்கிய ஆற்றில் வந்தவையே. ஆற்றின் மடியில் வீடு கட்டுவோரும் குப்பை கொட்டுவோரும் இதனை மறத்தல் ஆகாது.

கொசஸ்தலையும் அதன் உறவினரும்

பாலாற்றின் வடக்கே கொசஸ்தலை ஆறு உள்ளது. இது பாலாற்றுக்கு அந்நியம் அன்று. வாலாஜாவை அடுத்த பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய் காவேரிப்பாக்கம் ஏரியை நிரப்புகிறது. அவ்வேரி நிரம்பி வழியும் உபரிநீர் கொசஸ்தலைக்குச் செல்கிறது. பண்டைக்காலத்தில் பாலாறே இவ்வழியாக வடகிழக்கே ஓடிக் கடலில் கலந்தது என்றும், பின்னரே இன்றைய தென்கிழக்குத் திசைக்கு மாறியது என்றும் நிலவியல் அறிஞர் கருதுகின்றனர். பழைய ஆற்றுப்படுகையின் மணற்படிவங்கள் இன்றும் பூமிக்கடியில் உள்ளன. திருவள்ளூர், பொன்னேரி வட்டாரங்களில் கிணறுகள் வளமாக இருந்தமைக்கு இம்மணற்படிவங்களே காரணம்.

கொசஸ்தலையுடன் ஆந்திரப் பகுதியிலிருந்து வரும் நகரி ஆறும், திருத்தணிப் பக்கத்து நந்தி ஆறும் கலக்கின்றன. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய நெசவூர்கள் இவ்வாற்றின் மேற்பகுதி நீர்ப்பிடிப்பைச் சேர்ந்தவை. கேசாவரம் அணைக்கட்டில் இதன் நீரில் ஒரு பங்கு கூவத்துக்குப் பிரிகிறது. பின்னர், 1944-இல் கட்டிமுடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தில் ஆறு தேங்குகிறது. சென்னையின் நகரத் தந்தையாக இருந்து அத்திட்டத்துக்கு உழைத்த சத்தியமூர்த்தியின் பெயரால் அது சத்தியமூர்த்தி சாகர் என வழங்குகிறது. அங்கிருந்து கால்வாய் வழியாகச் சோழவரம், புழல் ஏரிகளுக்கு நீர் சென்று சென்னை மக்களின் தாகம் தீர்க்கிறது. பூண்டிக்குக் கீழே தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தில் ஆறு முடிவடைகிறது.

ஆரணியாறு

வடகோடியில் ஆரணியாறு. பட்டுக்குப் பெயர் பெற்ற ஆரணி வேறு. இவ்வாற்றங்கரையிலுள்ள ஆரணி வேறு. ஆந்திரக் குன்றுகளில் தோன்றி, பிச்சாட்டூரில் அணை கண்டு, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டை அடுத்துக் கடலை அடைகிறது. பிச்சாட்டூர் அணை நிரம்பித் திறக்கப்படும் ஆண்டுகளில் கீழே உள்ள ஊர்களின் கரைகள் சோதனைக்கு உள்ளாகின்றன. அது நிரம்பாத ஆண்டுகளில் ஆறு மணலாகவே கிடக்கிறது.

இம்மூன்று ஆறுகளும் மாநில எல்லைகளை மதித்துப் பிறந்தவை அல்ல. 1892-இல் சென்னை, மைசூர் அரசுகளிடையே ஏற்பட்ட உடன்படிக்கையில் பாலாறும் இடம்பெற்றிருந்தது. 1983-இல் தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தொலைதூரத்துக் கிருஷ்ணா நீர் கண்டலேறு, பூண்டிக் கால்வாய் வழியாக 1996-ஆம் ஆண்டு முதன்முறையாக ஊத்துக்கோட்டை எல்லையை வந்தடைந்தது. ஆக, மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் பேசி முடிவு செய்வது ஒன்றே நீர் விஷயத்தில் நிலையான வழி என்பது ஓர் ஊருக்கும் பொருந்தும், மாநிலங்களுக்கும் பொருந்தும்.

ஏரிச் சங்கிலி

ஆண்டில் சில வாரங்களே ஓடும் ஆற்றை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் வாழ்வது எப்படி? நம் முன்னோர் கண்ட விடை ஏரியாகும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரங்களில் ஏரி இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஆற்றுக் கால்வாயிலிருந்து நீர் பெறும் ஏரிகள் ஒரு வகை. மழைநீரை மட்டும் நம்பிய மானாவாரி ஏரிகள் மற்றொரு வகை. இவை தனித்தனியே வெட்டப்பட்ட குட்டைகள் அல்ல. மேல் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக வழிந்த நீர் கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழுள்ள ஏரிக்குப் போகும். கடைசி ஏரியின் கலங்கல் ஆற்றில் சேரும்.

இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் இருவகைத் தீங்கு நேரும். வரத்துக்கால்வாய் தூர்ந்துபோனால் கீழ் ஏரிக்கு நீர் வராது. கோடையில் ஊர் வாடும். கலங்கலுக்குக் கீழுள்ள போக்குக்கால்வாய் ஆக்கிரமிக்கப்பட்டால் மழைக்காலத்தில் அதே ஊர் மூழ்கும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையை மூழ்கடித்ததும், 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டதும் நான்கே ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்தவை. வெள்ளமும் வறட்சியும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், நீரைத் தங்கவைக்கும் இடத்தை நாம் இழந்துவிட்டோம் என்னும் ஒரே நோயின் இரு அறிகுறிகளாகவும் அவற்றைக் கொள்ளலாம்.

ஏரியைப் பராமரிக்கும் முறையும் நமக்குப் புதிதன்று. செய்யாற்றுக்கும் பாலாற்றுக்கும் அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஆண்டுதோறும் குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. அதற்கு உறுப்பினர் அறுவர். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. தணிக்கை என்னும் சொல்லை நாம் அறிவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தணிக்கையின் உயிர்நாடி அவ்வூரில் அறியப்பட்டிருந்தது. அச்சபை எல்லாருக்கும் இடமளித்த சபை அன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நிலமும் கல்வியும் உடைய பிராமணருக்கே அதில் இடமிருந்தது. நமது கூட்டுறவுச் சங்கம், பங்குத்தொகை செலுத்தும் எளியவருக்கும் ஒரு வாக்கு உண்டு என்னும் நெறியின்மீது நிற்பது. ஆகவே அவர்கள் செய்ததைவிட நாம் செம்மையாகச் செய்ய இயலும். கூட்டுறவுச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றியது என்பதும் இவ்வாற்றுப் பிரதேசத்துக்குப் பெருமை தருவதே.

மணலும் ஊற்றும்

தறிக்குழி ஒரு சிறு கிணறு என்பதை நெசவாளர் அறிவர். கார்த்திகை மாதத்துப் பெருமழையில் குழிக்குள் நீர் ஊறிக் கால் வைக்க முடியாமற்போவதும், தெருவில் பாவு ஆற்றுவதற்கு வெயிலின்றி வேலை முடங்குவதும் ஆண்டுதோறும் அனுபவிப்பவை. அந்நாட்களில் குழிக்குள் எட்டிப்பார்ப்பது நிலத்தடி நீரே. மேலே பெய்த மழை மண்ணிடுக்குகளில் இறங்கி நிரம்பி உயர்ந்து வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிலத்தடி நீரைத் தாங்குவதில் மணலுக்கு நிகர் இல்லை. ஒரு கன மீட்டர் மணலின் இடுக்குகளில் ஏறத்தாழ 200 முதல் 300 லிட்டர் நீர் தங்கக்கூடும். வெயில் அதனை எளிதில் கவர முடியாது. மணலில் வடிந்து இறங்குவதால் நீர் தெளிவும் பெறுகிறது. பாலாறு, செய்யாறு ஆகியவற்றின் படுகையில் நம் முன்னோர் ஊற்றுக்கால்வாய்களை வெட்டினர். மேலே நீரோடாத மாதங்களிலும் மணலுக்குள் ஊறும் நீரை இக்கால்வாய்கள் தாமே ஈர்த்து வயலுக்குக் கொண்டுவந்தன. இயந்திரம் இல்லை, மின்சாரம் இல்லை. ஆண்டுதோறும் ஊரார் ஒன்றுகூடி மண்வெட்டி பிடிப்பது ஒன்றே செலவு.

மணலை அளவுக்கு மீறி அள்ளியபின் ஆற்றின் படுகை தாழ்ந்தது. படுகை தாழ்ந்தவுடன் நீர்மட்டமும் தாழ்ந்தது. கால்வாயின் தலைப்பு மேலேயும் ஊற்று கீழேயும் ஆயின. கால்வாயில் நீர் வராதபோது அதனைத் தூர் வாருவதற்கு எவரும் முன்வரவில்லை. தூர் வாராதபோது மழைக்கால நீரும் வரவில்லை. ஒரு லாரி மணலுக்குக் கிடைக்கும் விலை ஒருமுறை கிடைப்பது. அம்மணல் ஆற்றிலேயே இருந்தால் ஆண்டுதோறும் நீர் தந்துகொண்டிருக்கும். முதலை விற்று வட்டியை இழப்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

மீஞ்சூர் தரும் பாடம்

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலைக்கும் ஆரணியாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில், பழைய ஆற்று மணற்படிவங்களில் நல்ல நீர் மிகுதியாக இருந்தது. 1960-களில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு அந்நீர்வளம் ஆராயப்பட்டது. பின்னர் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டது. விவசாயிகளும் தங்கள் கிணறுகளிலிருந்து மூன்று போகத்துக்கு இறைத்தனர்.

கடலோரத்தில் நிலத்தடியில் நன்னீரும் உப்புநீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. உப்புநீர் சற்றுக் கனமானது. ஆகையால் அது கீழே நின்று, நன்னீரை மேலே தாங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. இதன் மறுபுறத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இறைத்து இறைத்து நன்னீர் மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், கீழேயுள்ள உப்பு காலப்போக்கில் 40 அடி ஏறிவரும். நீர்மட்டம் கடலுக்கும் கீழே தாழ்ந்துவிட்டால் கடல் உள்ளே நடக்கத் தொடங்கும்.

மீஞ்சூரில் நிகழ்ந்தது இதுவே. 1969-ஆம் ஆண்டளவில் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் நின்ற உப்பு, சில பத்தாண்டுகளுக்குள் 15 கிலோமீட்டர் அளவுக்கு உள்நாட்டில் வந்துவிட்டது. கடலோரத்துக் குழாய்க் கிணறுகள் பல கைவிடப்பட்டன. 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் திறன் அதற்கு உண்டு. மழை இலவசமாக நிரப்பித் தந்த நீர்வளம் கெட்ட வட்டாரத்திலேயே, மின்சாரம் செலவிட்டு உப்பைப் பிரித்தெடுக்கும் நிலை வந்தது. தடுப்பணைகள் கட்டியும், இறைப்பைக் குறைத்தும் உப்பைப் பின்னுக்குத் தள்ள முயற்சிகள் நடைபெறுகின்றன. ஆனால் உப்பு உள்ளே வருவதைவிட வெளியே போவது மிகவும் மெதுவானது.

2000-களின் தொடக்கத்தில் ஏற்பட்ட வறட்சியின்போது, இப்பிரதேசத்து விவசாயிகள் பலர் தங்கள் கிணற்று நீரை நகருக்கு விற்றனர். பயிரிட்டு நட்டப்படுவதைவிட நீரை விற்பது மேல் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை; அவர்களைக் குறைகூறவும் நாம் விரும்பவில்லை. நகரத்தாரின் தாகமும் மெய்யானதே. ஆயினும் ஒரு விஷயத்தைச் சிந்திக்க வேண்டும். கிணறு ஒருவருக்குச் சொந்தம். கிணற்றுக்குள் வரும் நீரோ பக்கத்து நிலங்களின் கீழிருந்து வருவது. நம் சங்கத்தில் சேமநிதி இருக்கிறது. அது எல்லா அங்கத்தினருக்கும் உரியது. ஆனால் எந்த அங்கத்தினரும் தம் பங்கென்று அதிலிருந்து எடுத்துக்கொண்டு போக முடியாது. நிலத்தடி நீரும் அத்தகைய சேமநிதியே. ஆண்டுதோறும் பெய்யும் மழை வருமானம். ஏரி நடப்புக் கணக்கு. நிலத்தடி நீர் சேமநிதி. வருமானத்துக்குள் செலவு செய்யும் சங்கம் நிலைக்கும். சேமநிதியைத் தின்னும் சங்கம் ஒருநாள் கதவடைக்கும்.

கறை படிந்த நீர்

நீரின் அளவு குறைவது ஒரு துன்பம். உள்ள நீர் கெடுவது பெருந்துன்பம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலின் கழிவுகள் பாலாற்றுப் படுகையிலும் கிணறுகளிலும் புகுந்து, விளைநிலங்களை உவராக்கின. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதுபற்றிப் புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கியது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும், கேடு நேருமுன்பே தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியிலும் அந்நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் கட்டளையிட நேர்ந்தது. முதல் தீர்ப்புக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் ஆறு தூய்மை பெறவில்லை என்பதை இதுவே காட்டுகிறது. நீதிமன்றம் வழி காட்டலாம். ஆற்றங்கரையில் நாள்தோறும் காவல் இருப்பது அங்கே வாழ்வோரின் கடமையாகும்.

தோல் தொழிலைச் சுட்டும் விரல் நம் பக்கமும் திரும்ப வேண்டும். சாயப் பட்டறைகளின் நீரும் நகரக் கழிவும் சேர்ந்து காஞ்சிபுரத்து வேகவதியைக் கழிவுநீர்க் கால்வாயாக்கியிருப்பதை அறியாதவர் இல்லை. சாயத் தொட்டி கவிழ்க்கப்படும் இடத்திலிருந்து சில பர்லாங்கு தூரத்தில் ஒரு விவசாய அங்கத்தினரின் கிணறு இருக்கக்கூடும். வயலில் மிகுதியாக இடப்படும் உரமும் பூச்சிமருந்தும் மழையில் கரைந்து ஏரிக்கு வருவதும் அத்தகையதே. நெசவாளர் விவசாயியையும், விவசாயி நெசவாளரையும் குறைகூறிக்கொண்டிருப்பதால் ஒரு குடம் நீரும் தெளியாது.

நாம் செய்யத்தக்கவை

அரசாங்கம் செய்ய வேண்டியவை பல உள. அணைகளும் மாநில உடன்படிக்கைகளும் நம் கையில் இல்லை. ஆயினும் நம் சங்க எல்லைக்குள், அடுத்த பருவமழைக்கு முன்பே செய்யத்தக்க காரியங்கள் சிலவற்றை அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு சங்கமும் நீர்ப் பேரேடு ஒன்று திறக்க வேண்டும். நம் ஊர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, மேல் ஏரி எது, கீழ் ஏரி எது, வரத்துக்கால்வாய் எவ்வளவு நீளம், எங்கே தூர்ந்துள்ளது, மதகுகள் எத்தனை, கலங்கலின் நிலை என்ன என்பவற்றை ஊர்ப் பெரியவர்களோடும் நீர்க்கட்டிகளோடும் நடந்து பார்த்து எழுதவேண்டும். இதற்கு ஒரு நாள் போதும்.

இரண்டாவது, ஊரில் நான்கைந்து கிணறுகளைத் தேர்ந்து, ஆண்டில் இருமுறை, மழை ஓய்ந்த தையிலும் வெயில் தொடங்கிய சித்திரையிலும், நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து சங்க அறிவிப்புப் பலகையில் எழுதவேண்டும். சில ஆண்டு அளவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நாம் வருமானத்தில் வாழ்கிறோமா, சேமநிதியைத் தின்கிறோமா என்பது சிறுவருக்கும் விளங்கும்.

மூன்றாவது, வரத்துக்கால்வாய்களை ஆவணி முடிவதற்குள் தூர் வாருதல். பழைய குடிமராமத்து வழக்கத்தை அரசினர் 2017-இல் மீண்டும் திட்டமாகக் கொணர்ந்தனர். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் அமைக்க இடமுண்டு. இவை காகிதத்தில் மட்டும் இராமல் காக்க வேண்டியது நம் பொறுப்பு. நெசவாளர் குடும்பங்களும் இவ்வேலையில் ஒரு நாள் பங்குகொள்ளுதல் நலம். ஏரி நிரம்பினால் அவர்கள் தெருக்கிணறும் ஊறும்.

நான்காவது, சாயமிடும் அங்கத்தினர் தனித்தனியே நீரை வெளியே விடாது, சங்கத்தின் பொதுச் சாயச்சாலையில் சாயமிட்டு, கழிவைச் சுத்திகரித்த பின்னரே அகற்ற ஏற்பாடு செய்தல். ஒருவர் தனியே சுத்திகரிப்பதற்குச் செலவு தாங்காது. பலர் கூடினால் தாங்கும். கூட்டுறவின் பயனே அதுதான்.

ஐந்தாவது, ஏரியில் நீர் குறைந்த ஆண்டில் மறுபோக நெல்லை விடுத்து, உளுந்து, வேர்க்கடலை, கேழ்வரகு முதலியவற்றைப் பயிரிட விவசாய அங்கத்தினர் கூடி முடிவு செய்தல். ஒருவர் மட்டும் நெல்லை விடுத்தால் அவர் மிச்சப்படுத்திய நீரைப் பக்கத்துக் கிணறு இறைத்துவிடும்; எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தாலன்றி இதில் பலன் இல்லை. சங்கம் விதையும் கடனும் தரும்போதே இதற்கு வழி செய்யலாம்.

ஆறாவது, மேலூர்ச் சங்கமும் கீழூர்ச் சங்கமும் ஆண்டுக்கு ஒருமுறை கூடிப் பேசுதல். மேலூரார் கால்வாயை அடைத்தால் கீழூரார்க்கு நீர் இல்லை. கீழூரார் போக்குக்கால்வாயை அடைத்தால் மேலூரில் வெள்ளம் தேங்கும். இருவருக்கும் மற்றவர் தயவு தேவை.

மீஞ்சூரில் உப்பு வந்தது ஒரே இரவில் அன்று. பல்லாயிரம் கிணறுகளில், ஒவ்வொருவரும் தமக்குச் சிறிதே அதிகமாக இறைத்துக்கொண்ட பல ஆண்டுகளின் கூட்டுத்தொகை அது. கெடுதல் சிறிது சிறிதாகச் சேர்வதுபோல நன்மையும் சிறிது சிறிதாகவே சேரும். எனவே அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நீர்ப் பேரேட்டையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு எல்லாச் சங்கத் தலைவர்களையும் காரியதரிசிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.